கேட்டுப் படித்தவர்களின் கதை

ஓய்வு பெற்ற பிறகு பொருளாதார வரலாறு, தொழில் நிறுவனங்களின் வரலாறு, இயந்திரங்களின் வரலாறு என்று கனமான புத்தகங்களாகத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சில ஆண்டுகளாக அவற்றில் பெரும்பாலானவற்றைப் படிப்பதில்லை, கேட்கிறேன். பொடி எழுத்தில் அச்சடித்த ஐந்நூறு பக்கம் நம் வயதுக் கண்ணுக்குக் கட்டுப்படியாவதில்லை. காதில் மாட்டிக்கொண்டு காலையில் நடக்கப் போனால், வீடு திரும்புவதற்குள் ஒரு அத்தியாயம் முடிந்துவிடுகிறது.

இதைச் சொன்னால் நண்பர்கள் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பார்கள். "கேட்கிறதெல்லாம் படிப்பாகுமா சார்?" கதை என்றால் கேட்கலாம், பொருளாதாரத்தையெல்லாம் உட்கார்ந்து, பென்சில் வைத்துக்கொண்டு படித்தால்தான் மண்டையில் ஏறும், காதால் கேட்பது சோம்பேறிப் படிப்பு என்பது அவர்கள் கட்சி.

இந்தக் கேள்விக்கு நான் வாதம் செய்வதில்லை. வரலாற்றைச் சொல்லிவிடுவேன். புத்தகத்தைக் காதால் கேட்கும் வழக்கம் எப்படி வந்தது, அதற்கு யார் காசு கொடுத்தார்கள், யார் தடுத்தார்கள் என்று தேடிப் பார்த்தால், அதுவே ஒரு நல்ல பொருளாதார வரலாறாக இருக்கிறது. அதில் எங்கே தேடினாலும் சோம்பேறி ஒருவரும் தென்படவில்லை.

சுருட்டு சுற்றியவர்கள்

1865-ல் இருந்து தொடங்கலாம். இடம், கியூபாவின் ஹவானா நகரம். அப்போது கியூபா ஸ்பெயின் நாட்டின் ஆட்சியில் இருந்தது. ஹவானாவின் பெரிய தொழில் சுருட்டு. நீண்ட கூடத்தில் வரிசை வரிசையாக மேசைகள் போட்டு, நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் உட்கார்ந்து கையால் சுருட்டு சுற்றுவார்கள். நெசவாலை போல இரைச்சல் கிடையாது. கைக்கு வேலை, காதுக்கு வேலையில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அந்தக் கூடத்தில் ஒருவரை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லும் வழக்கம் அந்த ஆண்டில்தான் தொடங்கியது. அவருக்கு 'லெக்டோர்' என்று பெயர். ஸ்பானிய மொழியில் வாசிப்பவர் என்று பொருள். எல்லோருக்கும் கேட்கும்படி உயரமான மேடையில் உட்கார்ந்து, செய்தித்தாளையும் புத்தகங்களையும் உரக்கப் படிப்பார். நாவல்கள் உண்டு, வரலாறு உண்டு, அரசியல் பொருளாதார நூல்களும் உண்டு. எந்தப் புத்தகம் வேண்டும் என்பதைத் தொழிலாளர்களே முடிவு செய்வார்கள்.

இதில் நான் முக்கியமாக நினைப்பது, அந்த வாசிப்பவருக்கு யார் சம்பளம் கொடுத்தது என்பதைத்தான். முதலாளி கொடுக்கவில்லை. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள். அன்றாடக் கூலிக்காரர்கள், பொருளாதாரப் புத்தகம் கேட்பதற்காகக் கைக்காசு செலவழித்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அரசுக்கு இது பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டே, 1866-ல், தொழிற்சாலைகளில் உரக்கப் படிக்கக் கூடாது என்று ஆணை வந்தது. தடை வருவதும் வழக்கம் திரும்பத் தலையெடுப்பதுமாகப் பல ஆண்டுகள் ஓடின. கியூபாவிலிருந்து அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த சுருட்டுத் தொழிலாளர்கள் அங்கே டாம்பா நகரத்துக்கும் வாசிப்பவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். 1931-ல் டாம்பா முதலாளிகள், இவர்கள் தீவிரவாதக் கருத்துகளைப் பரப்புகிறார்கள் என்று சொல்லி அந்த மேடைகளை எடுத்துவிட்டார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தும் பயனில்லை. வாசிப்பவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ரேடியோ வந்தது. ரேடியோவில் எது வரவேண்டும் என்பதைத் தொழிலாளி தேர்ந்தெடுக்க முடியாது, வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் பெரிய வித்தியாசம். கியூபாவில் அந்த வாசிப்பு வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு ஜோடி உண்டு. கேரளத்தில் கண்ணூர் பக்கத்துப் பீடிக் கூடங்களில் ஒருவர் செய்தித்தாளைப் படிப்பார், மற்றவர்கள் பீடி சுற்றிக்கொண்டே கேட்பார்கள். படித்தவருக்கு அந்த நேரத்துக் கூலி போய்விடுமே? மற்றவர்கள் தாங்கள் சுற்றிய பீடியில் கொஞ்சம் கொடுத்து அதை ஈடுகட்டுவார்கள். ஹவானாவுக்கும் கண்ணூருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்திருக்காது. கை நிறைய வேலையும் காது நிறைய ஆசையும் இருந்தால் மனிதர்கள் எங்கேயும் இப்படித்தான் செய்வார்கள் போலிருக்கிறது.

எடிசன் போட்ட பட்டியல்

மனிதக் குரல் இயந்திரத்துக்குள் போனது 1877-ன் இறுதியில். தாமஸ் ஆல்வா எடிசன் ஈயத்தகடு சுற்றிய ஓர் உருளையில் குரலைப் பதித்து, திரும்பவும் பேச வைத்தார். சிறு வயதிலிருந்தே எடிசனுக்குக் காது சரியாகக் கேட்காது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஆண்டு, 1878-ல், 'நார்த் அமெரிக்கன் ரெவ்யூ' என்ற பத்திரிகையில் இந்த இயந்திரம் எதற்கெல்லாம் பயன்படும் என்று எடிசன் ஒரு பட்டியல் கொடுத்தார். முதல் இடம், கடிதங்களைச் சொல்லிப் பதிவு செய்வது. அதாவது ஸ்டெனோகிராஃபர் வேலை. இரண்டாவது இடம், பார்வையற்றவர்களுக்கான பேசும் புத்தகங்கள். பாட்டுக் கேட்பது நான்காவது இடத்தில்தான் வருகிறது. பத்து அங்குலச் சதுரத் தகடு ஒன்றில் 40,000 சொற்கள் கொண்ட புத்தகத்தை அடக்கிவிடலாம் என்றும் அவர் நம்பிக்கையோடு எழுதினார்.

நடந்தது வேறு. ஈயத்தகட்டில் அடங்கியது மிகக் கொஞ்ச நேரப் பேச்சு. பிறகு வந்த 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணி நேரம் ஓடும் ஒரு நடுத்தரப் புத்தகத்துக்கு 600 நிமிடம். அதற்கு 150 பக்கங்கள், அதாவது 75 இசைத்தட்டுகள் வேண்டும். நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். அந்தக் காலத்து இசைத்தட்டின் விலையில் 75 தட்டு வாங்கப் பணம் உள்ளவன், படிக்க ஆளையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாட்டோ நான்கு நிமிடத்துக்குள் அடங்கும். அடங்காத பாட்டை அடங்கும்படி சுருக்கிக்கொண்டார்கள். அதனால் பட்டியலில் நான்காவதாக இருந்த பாட்டு முதலிடத்துக்குப் போய்ப் பெரிய தொழிலாக வளர்ந்தது. இரண்டாவதாக இருந்த புத்தகம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காத்துக்கிடந்தது. தொழில்நுட்ப வரலாற்றில் இது அடிக்கடி நடக்கும் விஷயம். கண்டுபிடித்தவர் என்ன நினைத்தார் என்பது முக்கியமில்லை; கையில் இருக்கும் கருவிக்குள் எது லாபத்தோடு அடங்குகிறதோ அதுதான் முதலில் வளரும்.

போரில் கண்ணிழந்தவர்கள்

சந்தை காத்திருக்கலாம், தேவை உள்ளவர்களால் காத்திருக்க முடியாது. முதல் உலகப் போர் அப்படி ஒரு தேவையை உண்டாக்கியது. குண்டிலும் விஷவாயுவிலும் கண்ணை இழந்த இளைஞர்கள் ஊர் திரும்பினார்கள். லண்டனில் 'செயின்ட் டன்ஸ்டன்ஸ்' என்ற நிலையம் 1915-ல் அவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ஆர்தர் பியர்சன். செய்தித்தாள் முதலாளியாக இருந்து பார்வையை இழந்தவர். அங்கே வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் இயன் ஃப்ரேஸர். 1916-ல் சோம் போரில் பார்வை போனபோது அவருக்கு வயது 18. பின்னாளில் அவரே அந்த நிலையத்தின் தலைவரானார்.

குழந்தையிலிருந்தே பார்வையில்லாதவர்கள் பிரெய்லி எழுத்தை விரல் நுனியில் பழகிக்கொள்வார்கள். வளர்ந்த பிறகு, அதிலும் உழைத்துக் காய்த்துப்போன கையோடு, அதைப் பழகுவது மிகக் கடினம். நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் பார்வை போனவர்களில் பலருக்குப் புத்தகக் கதவு அதோடு மூடிக்கொண்டது. அந்தக் கதவைக் காது வழியாகத் திறக்க முடியுமா என்று ஃப்ரேஸர் இங்கிலாந்தில் முயன்றார். அமெரிக்காவில் அதே வேலையைச் செய்தவர் ராபர்ட் இர்வின். ஐந்து வயதில் பார்வை இழந்தவர். 'அமெரிக்கன் ஃபவுண்டேஷன் ஃபார் தி ப்ளைண்ட்' அமைப்பை நடத்தியவர்.

1931-ல் அமெரிக்க நாடாளுமன்றம் பார்வையற்ற பெரியவர்களுக்கான புத்தகங்களுக்காக ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் ஒதுக்கிச் சட்டம் செய்தது. 1934-ல் முதல் பேசும் புத்தகங்கள் வெளிவந்தன. அவை நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் நீண்ட நேர இசைத்தட்டுகள். ஒரு பக்கத்தில் சுமார் 15 நிமிடம் ஓடும். நம் வீடுகளில் எல்.பி. ரெக்கார்டு என்று சொல்லி வைத்திருந்தோமே, அதே 33⅓ சுற்று. கொலம்பியா நிறுவனம் எல்.பி. இசைத்தட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1948-ல். அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே பார்வையற்றவர்கள் அந்த வேகத்தில் புத்தகம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் பாட்டுக்காரர்களுக்கு வாய்த்த வசதி, முதலில் புத்தகத்துக்காக வேலை செய்தது.

இங்கிலாந்தில் 1935-ல் தொடங்கினார்கள். முதலில் வந்தவற்றில் அகதா கிறிஸ்டியின் ஒரு துப்பறியும் நாவலும் ஜோசப் கான்ராடின் 'டைஃபூன்' கதையும் உண்டு. அங்கே தட்டை இன்னும் மெதுவாக, நிமிடத்துக்கு 24 சுற்றாகச் சுழல விட்டார்கள். ஒரு பக்கத்துக்கு 25 நிமிடம்; பத்துத் தட்டில் ஒரு நாவல் முடிந்துவிடும். 75 தட்டு பத்துத் தட்டானது எவ்வளவு பெரிய விஷயம் என்று கணக்குப் பார்த்தால் தெரியும்.

இடையில் ஒரு விவாதம் நடந்தது. ஹெலன் கெல்லரைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். பார்வையும் செவியும் இல்லாமல் உலகப் புகழ் பெற்ற அந்த அம்மையார், தொடக்கத்தில் பேசும் புத்தகத் திட்டத்தை ஆதரிக்கவில்லை. பொருளாதாரப் பெருமந்தத்தால் லட்சக்கணக்கானோர் வேலையின்றித் தவிக்கும்போது இது ஆடம்பரம் என்பது அவர் கருத்து. பிறகு மனம் மாறி, அதற்காக அவரே பாடுபட்டார். அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு, வேலையற்றவர்களுக்கு வேலை தரும் திட்டத்தின் கீழ் 1935 முதல் பேசும் புத்தக இயந்திரங்களைச் செய்ய வைத்தது. 1942 வரை சுமார் 23,000 இயந்திரங்கள் செய்து, பார்வையற்றவர்களுக்கு இரவலாகக் கொடுத்தார்கள். எந்த வேலையின்மையைக் காட்டி இத்திட்டம் வேண்டாம் என்றார்களோ, அந்த வேலையற்றவர்களின் கையாலேயே இயந்திரம் உருவானது. பொருளாதாரப் பாடத்தில் இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

தட்டுகள் தபாலில் போகக் கட்டணம் இல்லை என்று 1934-லேயே சட்டம் செய்தார்கள். நம் நாட்டிலும் பார்வையற்றோருக்கான நூல்களுக்குத் தபால் கட்டணம் கிடையாது.

ஆனால் ஒரு பூட்டும் இருந்தது. பதிப்பாளர்கள் தங்கள் புத்தகங்களைப் பதிவு செய்ய அனுமதித்தபோது, பார்வையற்றவர்களுக்கு மட்டுமே இவை என்று நிபந்தனை போட்டார்கள். விற்கக் கூடாது, ரேடியோவில் ஒலிபரப்பக் கூடாது, கண் தெரிந்தவர்கள் கையில் போகக் கூடாது. அச்சுப் புத்தக விற்பனை கெட்டுவிடும் என்ற பயம். இதனால் சுமார் நாற்பது ஆண்டுகள், முழுப் புத்தகத்தைக் காதால் கேட்பது என்பது பெரும்பாலும் பார்வையற்றவர்களின் தனி உலகமாகவே இருந்தது. எப்படிப் படிக்க வேண்டும் என்ற இலக்கணத்தையும் அவர்களே வகுத்தார்கள். நாடகம் போல நடித்துக் காட்ட வேண்டாம், தெளிவாக, நிதானமாகப் படித்தால் போதும், மற்றதை நாங்கள் கற்பனை செய்துகொள்கிறோம் என்று பலர் கேட்டுக்கொண்டார்கள். இன்றைக்கும் நல்ல ஒலிப்புத்தகத்துக்கு அதுவே அளவுகோல்.

காரில் போனவர்கள்

கண் தெரிந்தவர்களுக்குக் கதவு திறந்தது காசெட்டால். ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் காசெட்டைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் கார்களில் டேப் ரெக்கார்டர் பொருத்தும் வழக்கம் வந்தது. கலிஃபோர்னியாவில் டுவால் ஹெக்ட் என்று ஒருவர்; 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் தங்கம் வாங்கியவர். லாஸ் ஏஞ்சலஸில் வேலை. தினமும் நீண்ட கார் பயணம். ரேடியோவில் வரும் பாட்டும் விளம்பரமும் அலுத்துப்போய், முழுப் புத்தகத்தைக் காசெட்டில் பதிந்து தபாலில் வாடகைக்கு விட்டால் என்ன என்று யோசித்தார். 1975-ல் 'புக்ஸ் ஆன் டேப்' நிறுவனம் பிறந்தது. விலைக்கு வாங்கக் கட்டாத காசெட் பெட்டியை வாடகைக்கு எடுத்துக் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பலாம். நம் ஊர் வாடகை நூலகக் கணக்குதான் அது. 1979-ல் சோனியின் வாக்மேன் வந்ததும், கார் இல்லாதவர்களும் நடந்துகொண்டே கேட்க ஆரம்பித்தார்கள்.

கடைகளில் விலைக்கு விற்றவை வேறு மாதிரி. இரண்டு காசெட், மூன்று மணி நேரம் என்று புத்தகத்தைச் சுருக்கி விற்றார்கள். கதைக்கு அது ஓரளவு தாங்கும். பொருளாதார வரலாறு அதில் நொந்துபோகும். சுருக்குகிறவர் முதலில் கத்தரி போடுவது கணக்கிலும் காரணத்திலும்தான். மிஞ்சுவது முதலாளியின் வாழ்க்கைக் கதை மட்டும். ஒரு மனிதரின் துணிச்சலால் ஒரு தொழிலே மாறிவிட்டது என்று நினைக்கும் பழக்கத்துக்கு இந்த மூன்று மணி நேரச் சுருக்கமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கடைசிப் பூட்டைத் திறந்தது டிஜிட்டல். டொனால்ட் கட்ஸ் என்ற பத்திரிகை எழுத்தாளர் 1995-ல் 'ஆடிபிள்' நிறுவனத்தைத் தொடங்கினார். 1997-ல் அவர்கள் விற்ற சின்னக் கருவியின் விலை இருநூறு டாலர் அளவில். அதில் அடங்கியது சுமார் இரண்டு மணி நேரப் பேச்சு. 2008-ல் அமேசான் அந்த நிறுவனத்தைச் சுமார் 30 கோடி டாலருக்கு வாங்கியது. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் போனில் நூற்றுக்கணக்கான புத்தகங்கள் அடங்கும். தட்டைத் திருப்பும் செலவும் தபால் செலவும் போய்விட்டன. சுருக்க வேண்டிய அவசியமும் போய்விட்டது. இருபது மணி நேரப் பொருளாதாரப் புத்தகமும் முழுசாகக் கிடைக்கிறது. எடிசனின் பட்டியலில் இருந்த இரண்டாவது பெயருக்கு 120 ஆண்டுகள் கழித்து முறை வந்தது.

எது காதில் நிற்கும்?

நண்பர்களின் கேள்வியில் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. எல்லாப் புத்தகமும் காதுக்கு ஏற்றதில்லை.

தாமஸ் பிக்கெட்டியின் 'இருபத்தோராம் நூற்றாண்டில் மூலதனம்' என்ற புகழ்பெற்ற புத்தகம் வரைபடங்களையும் அட்டவணைகளையும் நம்பி எழுதப்பட்டது. அதைக் கேட்டால் வாதம் புரியும்; ஆதாரம் கண்ணுக்குத் தெரியாமல் நழுவிவிடும். அதற்கு நேர்மாறு லியாகத் அகமதின் 'லார்ட்ஸ் ஆஃப் ஃபைனான்ஸ்'. முதல் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்து, அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நான்கு நாடுகளின் மத்திய வங்கிகளை நடத்திய நான்கு பேர் எப்படி உலகைப் பெருமந்தத்தை நோக்கிக் கொண்டு போனார்கள் என்ற வரலாறு அது. நான்கு மனிதர்கள், நான்கு குணங்கள். தங்க மதிப்பீட்டு முறை என்ற வறண்ட விஷயம்கூட மகாபாரதக் கிளைக்கதை போலக் காதில் ஏறும்.

எண்கள் காதில் நிற்குமா? தனியாக வந்தால் நிற்காது. ஜோடியாக வந்தால் நிற்கும். மார்க் லெவின்சன் எழுதிய 'தி பாக்ஸ்' கப்பலில் ஏற்றும் கன்டெய்னர் பெட்டியின் வரலாறு. 1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளோடு அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. அந்தக் காலத்தில் மூட்டை மூட்டையாக ஆள் வைத்துக் கப்பலில் ஏற்ற டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட் செலவு. பெட்டியாக ஏற்றியபோது டன்னுக்கு 16 சென்டுக்கும் குறைவு. இந்த இரண்டு எண்ணையும் ஒரு முறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். உலக வணிகம் ஏன் மாறியது, துறைமுகங்களில் மூட்டை சுமந்தவர்களின் வேலை ஏன் போனது, இரண்டுக்கும் விடை அந்த ஒரு ஜோடியில் இருக்கிறது.

இப்படிப்பட்ட புத்தகங்களைக் கேட்க விரும்பும் நம் வயதுக்காரர்களுக்குச் சில யோசனைகள். தொடங்கும்போது ஒரு சின்ன நோட்டில் ஆட்களின் பெயர்களையும் நான்கைந்து ஆண்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். தலைமுறைப் பெயர்கள் குழம்பாமல் இருக்க அது உதவும். புரியாத இடத்தில் பின்னால் போகும் பொத்தானை அமுக்கக் கூச்சப்பட வேண்டாம். நேரில் பேசுகிறவரிடம் மூன்றாவது முறை கேட்கத்தான் சங்கடம், போனுக்குக் கோபம் வராது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தும் கேட்கலாம். அட்டவணை நிறைந்த புத்தகம் என்றால் அச்சுப் பிரதியை நூலகத்தில் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போக்குவரத்து உள்ள சாலையில் நடக்கும்போது மட்டும் ஒரு காதை உலகத்துக்கு விட்டுவிடுங்கள்.

இன்னும் தீராத பஞ்சம்

இதையெல்லாம் நாம் வசதிக்காகச் செய்கிறோம். வேறு வழியில்லாமல் கேட்பவர்களின் நிலை என்ன? வெளிவரும் புத்தகங்களில் மிகச் சிறிய பங்குதான் பார்வையற்றவர்கள் படிக்கக்கூடிய வடிவத்தில் கிடைக்கிறது. உலகப் பார்வையற்றோர் சங்கம் இதைப் 'புத்தகப் பஞ்சம்' என்றே சொன்னது. காரணம் காகிதத் தட்டுப்பாடு இல்லை, காப்புரிமைச் சட்டம். ஒரு நாட்டில் ஒலி வடிவமாக்கிய புத்தகத்தை இன்னொரு நாட்டுக்கு அனுப்பக்கூட முடியாமல் இருந்தது. ஒரே புத்தகத்தை ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது.

இதை மாற்ற 2013 ஜூனில் மொராக்கோ நாட்டின் மராகேஷ் நகரில் ஓர் உலக உடன்படிக்கை கையெழுத்தானது. இருபது நாடுகள் முறைப்படி ஏற்றால்தான் அது நடைமுறைக்கு வரும். அதை முதன்முதலாக ஏற்ற நாடு எது தெரியுமா? இந்தியா, 2014-ல். அதற்கு முன்பே, 2012-ல், நம் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, படிக்க இயலாதவர்களுக்காகப் புத்தகத்தை வேறு வடிவத்துக்கு மாற்றலாம் என்று வழி செய்திருந்தோம். இருபதாவது நாடாகக் கனடா சேர்ந்த பிறகு, 2016 செப்டம்பர் 30 அன்று உடன்படிக்கை உயிர் பெற்றது. அதே 2016-ல் நம் நாட்டில் 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகம் தொடங்கப்பட்டது. பார்வைக் குறைபாடோ, புத்தகத்தைப் பிடித்துப் படிக்க முடியாத உடல் குறைபாடோ உள்ளவர்களுக்கானது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால் இந்தச் செய்தியை அவர் காதில் போடுங்கள்.

தமிழுக்குக் கேட்பது புதிதில்லை. திருக்குறளில் கல்வி, கல்லாமை என்ற இரண்டு அதிகாரங்களுக்கு அடுத்து 42-வது அதிகாரமாகக் கேள்வி வருகிறது. கல்விக்குப் பக்கத்திலேயே அதற்கு ஓர் ஆசனம் போட்டு வைத்திருக்கிறார் வள்ளுவர். திண்ணையில் ஒருவர் பாரதம் படிக்கப் பத்துப் பேர் கேட்டதும், டீக்கடையில் ஒருவர் பேப்பர் படிக்க ஊரே அரசியல் தெரிந்துகொண்டதும் நாம் பார்த்து வளர்ந்த காட்சிகள்.

ஆனால் இன்று தமிழில் காதுக்குக் கிடைப்பவற்றில் கதைகளே அதிகம். சரித்திர நாவல் வேண்டுமா, நிறைய உண்டு. ஒரு தொழில் எப்படி வளர்ந்தது, ஒரு வங்கி ஏன் விழுந்தது, ஓர் இயந்திரம் யார் வேலையைப் பறித்து யாருக்கு வேலை கொடுத்தது என்று தமிழில் கேட்க நினைத்தால் தேட வேண்டியிருக்கிறது. ஹவானாவின் சுருட்டுத் தொழிலாளி 1860-களிலேயே தன் மொழியில் காசு கொடுத்துக் கேட்ட விஷயம் இது.

இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. 2005-ல் தொடங்கிய 'லிப்ரிவாக்ஸ்' என்ற அமைப்பில், காப்புரிமை முடிந்த புத்தகங்களை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தே படித்துப் பதிவு செய்து, இலவசமாகக் கொடுக்கிறார்கள். நம்மில் வகுப்பறையில் நாற்பது ஆண்டு பாடம் நடத்திய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கணக்குப் புத்தகத்தோடு வாழ்ந்த வங்கிக்காரர்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலையை உள்ளங்கை ரேகையாக அறிந்தவர்கள் இருக்கிறார்கள். நிதானமான குரலும், விஷயம் தெரிந்த உச்சரிப்பும், கையில் நேரமும் உள்ளவர்கள் நாம்தானே? நாட்டுடைமை ஆக்கப்பட்ட தமிழ் நூல்களில் வரலாறும் கட்டுரைகளும் ஏராளம். தினம் அரை மணி நேரம் படித்துப் பதிந்தால் சில மாதங்களில் ஒரு புத்தகம் ஆகிவிடும்.

கேட்பது படிப்பாகுமா என்று இனி யாராவது கேட்டால், கூலியில் காசு பிடித்து வாசிப்பவருக்குக் கொடுத்தவர்களைச் சொல்லுங்கள். பதினெட்டு வயதில் போரில் கண்ணிழந்து, மற்றவர்களுக்காகவும் இசைத்தட்டோடு போராடியவரைச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது படிப்பாக இருந்தது. நம் கண் மங்கும் காலத்தில் நமக்கும் அது கிடைத்ததென்றால், அவர்கள் முன்பே விலை கொடுத்து வைத்திருந்ததால்தான்.